நிதித்துறையில் முதல் வேலை: வணிகவியல் பட்டதாரி நேர்காணலுக்கு ஆயத்தமாகும் முறை

பி.காம். அல்லது பி.பி.ஏ. முடித்துவிட்டுக் கணக்கு, தணிக்கை, வங்கி, நிதி நிறுவனம் ஆகியவற்றில் முதல் வேலை தேடும் பலர், நேர்காணல் என்றவுடன் வரையறைகளை மனப்பாடம் செய்யத் தொடங்குகின்றனர். தேய்மானம் என்றால் என்ன, நடைமுறை மூலதனம் என்றால் என்ன என்று கேட்டால் பாடநூல் வரிகளைப் பிழையின்றி ஒப்பிக்கும் அவர்கள், "இந்த பில் உங்கள் மேசைக்கு வந்தால் முதலில் எதைப் பார்ப்பீர்கள்?" என்று கேட்டவுடன் தயங்கிவிடுகின்றனர். கணக்குப் பிரிவுக்கு ஆள் எடுக்கும் நேர்காணல்களில் மேசையின் மறுபுறம் அமர்ந்தவன் என்ற முறையில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது ஒன்றுண்டு. ஒரு பரிவர்த்தனையை, அது பில்லாக வந்த நேரம் முதல் பேரேடு, வரிப் படிவம், வங்கிக் கணக்கு, இருப்புநிலைக் குறிப்பு வரை விடாமல் பின்தொடர்ந்து சொல்லத் தெரிந்தவருக்கே வேலை கிடைக்கிறது. இதைக் கற்றுக்கொள்ளச் செலவு அதிகம் ஆகாது. சில வாரங்கள் ஒழுங்காக உட்கார்ந்தால் போதும். அதற்கான வழியைத் தமிழ்நாட்டில் வேலை தேடும் புதியவரை மனத்தில் வைத்து எழுதுகிறேன்.

முதலில் எந்த வாசல் என்று முடிவு செய்யுங்கள்

"ஃபைனான்ஸ் வேலை" என்று பொதுவாகத் தேடுவது வீண். நடைமுறையில் புதியவருக்கு நான்கு வாசல்கள் திறந்திருக்கின்றன. ஆடிட்டர் அலுவலகம், நிறுவனங்களின் கணக்குப் பிரிவு, வங்கிகளும் வங்கிசாரா நிதி நிறுவனங்களும், பன்னாட்டு நிறுவனங்கள் சென்னையில் நடத்தும் சேவை மையங்கள் என்பவையே அவை. ஒவ்வொன்றின் நேர்காணலும் வேறு வகையானது.

ஆடிட்டர் அலுவலகத்தில் சம்பளம் குறைவு; ஆனால் ஓர் ஆண்டுக்குள் பல தொழில்களின் கணக்குகளைக் கண்ணால் பார்க்கலாம். சி.ஏ. படிக்க எண்ணுவோர், வணிகவியல் பட்டப்படிப்பில் 55 சதவீத மதிப்பெண் பெற்றிருந்தால் அடிப்படைத் தேர்வை எழுதாமலே இடைநிலைக்கு நேரடியாகப் பதிவு செய்யலாம். ஆடிட்டரிடம் பெற வேண்டிய, முன்பு மூன்று ஆண்டுகளாக இருந்த ஆர்டிகிள்ஷிப் என்ற செய்முறைப் பயிற்சி, 2023-இல் வந்த புதிய பாடத்திட்டத்தில் இரண்டு ஆண்டுகளாகக் குறைந்துள்ளது. சி.ஏ. வேண்டாம் என்று முடிவு செய்தவர்களும் ஓர் ஆண்டேனும் ஆடிட்டர் அலுவலகத்தில் பணியாற்றிவிட்டு நிறுவனங்களுக்குச் செல்வது நல்லது என்பதே என் கருத்து.

வங்கி என்றால் பொதுத்துறை வங்கிகளுக்கு ஐபிபிஎஸ் என்ற பொதுத் தேர்வே நுழைவாயில். அதில் எழுத்தர் பணிக்கு நேர்காணல் கிடையாது, பிஓ எனப்படும் பயிற்சி அதிகாரி பணிக்கு உண்டு. தனியார் வங்கிகளும் நிதி நிறுவனங்களும் தாமாகவே ஆள் எடுக்கின்றன. இந்த வகையில் தமிழ்நாட்டுக்கு நீண்ட மரபு உண்டு. கும்பகோணத்தில் 1904-இல் தொடங்கிய சிட்டி யூனியன் வங்கி, கரூரில் 1916-இல் தொடங்கிய கரூர் வைசியா வங்கி, தூத்துக்குடியில் 1921-இல் தொடங்கிய தமிழ்நாடு மெர்க்கன்டைல் வங்கி, சென்னையில் 1954-இல் தொடங்கிய சுந்தரம் ஃபைனான்ஸ் ஆகியவை இன்றும் இங்கேயே தலைமையகம் வைத்து இயங்குகின்றன. சென்னை சேவை மையங்களில் வேலை பெரும்பாலும் ஒரே பணியின் ஒரு பகுதியாக இருக்கும். விற்பனையாளர் பில்களைப் பதிவது, கணக்குகளைச் சரிபார்ப்பது, பரஸ்பர நிதிகளின் சொத்து மதிப்பைக் கணக்கிடுவது போன்றவை அங்கு நடக்கின்றன. அங்கு ஆங்கிலமும் எக்செலும் கூடுதலாகச் சோதிக்கப்படும்.

நான்கில் இரண்டைத் தேர்ந்துகொண்டு அவற்றுக்கு மட்டும் விண்ணப்பியுங்கள்.

ஒரு விற்பனையைக் கடைசி வரை பின்தொடருங்கள்

ஆயத்தத்தில் பெரும்பகுதி நேரத்தை இதற்கே ஒதுக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டை எடுத்துக்கொள்வோம். கோயம்புத்தூரிலுள்ள ஒரு நிறுவனம், 18 சதவீத ஜிஎஸ்டி உள்ள ஒரு பொருளை மதுரைக் கடை ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாய்க்குக் கடனுக்கு விற்கிறது. கடைக்காரர் கணக்கில் பற்று 1,18,000. விற்பனைக் கணக்கில் வரவு 1,00,000. மத்திய ஜிஎஸ்டியில் வரவு 9,000. மாநில ஜிஎஸ்டியில் வரவு 9,000. அதே சரக்கு பெங்களூருக்குச் சென்றிருந்தால் மாநிலம் கடந்த விற்பனை என்பதால் ஐஜிஎஸ்டி என்ற ஒரே தலைப்பில் 18,000 வரும். இதுவரை பெரும்பாலோர் சொல்லிவிடுவார்கள். நேர்காணல் உண்மையில் தொடங்குவது இதற்குப் பிறகுதான்.

"இந்த 18,000 ரூபாய் நிறுவனத்துக்கு வருமானமா?" என்பது அடுத்த கேள்வி. அரசுக்காக வசூலித்துக் கையில் வைத்திருக்கும் தொகை என்பதால் அது இருப்புநிலைக் குறிப்பில் பொறுப்புகள் பக்கத்தில் நிற்கும். இலாப நட்டக் கணக்கைத் தொடாது. "சரக்குடன் என்ன ஆவணங்கள் செல்ல வேண்டும்?" என்று அடுத்துக் கேட்கலாம். தமிழ்நாட்டுக்குள் நடக்கும் சரக்குப் போக்குவரத்துக்கு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் மதிப்பிருந்தால் இ-வே பில் என்ற மின்னணுப் போக்குவரத்துச் சீட்டு வேண்டும். வரியையும் சேர்த்தே மதிப்பு கணக்கிடப்படுவதால் இந்தச் சரக்குக்கு அது கட்டாயம். நிறுவனத்தின் ஆண்டு விற்றுமுதல் ஐந்து கோடி ரூபாயைத் தாண்டியிருந்தால், 2023 ஆகஸ்ட் முதல் உள்ள விதிப்படி, அரசுத் தளத்தில் பதிவாகும் பில்லான இ-இன்வாய்ஸும் எடுத்தாக வேண்டும்.

பிறகு நாட்காட்டிக்கு வாருங்கள். மாதந்தோறும் படிவம் தாக்கல் செய்யும் நிறுவனம் இந்த விற்பனையை அடுத்த மாதம் 11-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தில் காட்ட வேண்டும். அப்படிக் காட்டினால்தான் 14-ஆம் தேதி உருவாகும் ஜிஎஸ்டிஆர்-2பி பட்டியலில் மதுரைக் கடைக்காரருக்கு உள்ளீட்டு வரி, அதாவது அவர் தன் வரியில் கழித்துக்கொள்ளக்கூடிய கொள்முதல் வரி, தெரியும். 20-ஆம் தேதிக்குள் ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கல் செய்து வரியைக் கட்டியாக வேண்டும். கடைக்காரர் 60 நாள் கடனுக்கு வாங்கியிருந்தால், அவரிடமிருந்து ஒரு ரூபாயும் வருவதற்கு முன்பே நிறுவனம் 18,000 ரூபாயைத் தன் கையிலிருந்து அரசுக்குச் செலுத்திவிடுகிறது. அன்றாடத் தொழிலை ஓட்டும் பணமான நடைமுறை மூலதனம் ஏன் தேவைப்படுகிறது என்ற கேள்விக்கு இதைவிடத் தெளிவான விடை எந்தப் பாடநூலிலும் இல்லை. கடைக்காரர் 180 நாட்களுக்குள் பணம் தராவிட்டால் அவர் எடுத்த உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்ட நேரிடும் என்பதையும் சேர்த்துச் சொன்னால், கேட்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதே நிறுவனம் ஒரு வழக்கறிஞருக்கு 60,000 ரூபாய் கட்டணம் தர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவர் 18 சதவீத ஜிஎஸ்டி சேர்க்காத பில் அனுப்பியிருக்கிறார். ஏன் சேர்க்கவில்லை என்று கேட்கத் தோன்றினால் நல்லது. வழக்கறிஞர் சேவைக்கான வரியை, அந்தச் சேவையைப் பெறும் நிறுவனமே அரசுக்கு நேரடியாகச் செலுத்தும் முறை இருக்கிறது. குழப்பம் வேண்டாம் என்றால் பயிற்சிக்கு ஒரு கட்டட வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்ளுங்கள். கட்டணம் 60,000, ஜிஎஸ்டி 10,800, பில் தொகை 70,800. பணம் தரும்போதே வருமான வரியைப் பிடித்து அரசுக்குக் கட்டும் முறையே டிடிஎஸ்; தொழில்முறைக் கட்டணத்துக்கு அது 10 சதவீதம். பில்லில் ஜிஎஸ்டி தனியாகக் காட்டப்பட்டிருந்தால் வரி நீங்கலான தொகைக்கு மட்டுமே பிடித்தம் என்பதால் பிடிக்க வேண்டியது 6,000. அவருக்குத் தர வேண்டியது 64,800. பிடித்த தொகையை அடுத்த மாதம் 7-ஆம் தேதிக்குள் அரசுக்குக் கட்ட வேண்டும். மார்ச் மாதப் பிடித்தத்துக்கு மட்டும் ஏப்ரல் 30 வரை காலம் உண்டு. 70,800-க்குப் பத்து சதவீதம் என்று 7,080 பிடித்துவிடுவது புதியவர் செய்யும் தவறுகளில் மிகப் பொதுவானது. நேர்காணல் எடுப்பவர் இந்த இடத்தில்தான் உங்களை நிறுத்திப் பார்ப்பார்.

வருமான வரிச் சட்டம் பற்றி ஓர் எச்சரிக்கை. 1961-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக 2025-ஆம் ஆண்டுச் சட்டம் 2026 ஏப்ரல் 1 முதல் பொருந்துவதால், டிடிஎஸ் பிடித்தத்துக்கு 194சி, 194ஜே என்று இத்தனை காலம் புழங்கிய பிரிவு எண்கள் மாறுகின்றன. அலுவலகங்களில் பழைய எண்களைப் பேச்சில் இன்னும் நெடுநாள் சொல்வார்கள். இரண்டையும் தெரிந்து வைத்துக்கொண்டு, எது எந்த ஆண்டுக்குப் பொருந்தும் என்று சொல்லப் பழகுங்கள்.

மூன்று அறிக்கைகள் ஒன்றோடொன்று பேசும் விதம்

நிறுவனங்களின் நிதிப் பிரிவிலும் சேவை மையங்களிலும் ஏறக்குறையத் தவறாமல் வரும் கேள்வி ஒன்று உண்டு: "தேய்மானம் 10 லட்சம் ரூபாய் கூடினால் மூன்று நிதி அறிக்கைகளிலும் என்ன நடக்கும்?" வரி விகிதம் 25 சதவீதம், வரிக் கணக்கிலும் அதே தேய்மானம் ஏற்கப்படுகிறது என்று எடுத்துக்கொண்டு விடை சொல்லத் தொடங்குங்கள், எந்த அனுமானத்தில் பேசுகிறீர்கள் என்று முதலிலேயே சொல்வது உங்கள் மதிப்பைக் கூட்டும். இலாப நட்டக் கணக்கில் வரிக்கு முந்தைய இலாபம் 10 லட்சம் குறைகிறது, வரி 2.5 லட்சம் குறைகிறது. நிகர இலாபம் 7.5 லட்சம் குறைகிறது. பணப் புழக்க அறிக்கையில் 7.5 லட்சம் குறைந்த இலாபத்துடன், பணமாக வெளியேறாத செலவு என்பதால் 10 லட்சத்தைத் திரும்பக் கூட்ட, பணம் 2.5 லட்சம் கூடுகிறது. இருப்புநிலைக் குறிப்பில் நிலைச் சொத்து 10 லட்சம் குறைந்து ரொக்கம் 2.5 லட்சம் கூட, சொத்துப் பக்கம் மொத்தத்தில் 7.5 லட்சம் இறங்குகிறது. எதிர்ப்பக்கத்தில் திரண்ட இலாபமும் அதே 7.5 லட்சம் இறங்குகிறது. இதைத் தாளில் பல முறை எழுதிப் பார்த்துவிட்டு, எதையும் பார்க்காமல் வாய்விட்டுச் சொல்லிப் பழக வேண்டும். பிறகு எண்களை மாற்றுங்கள். வாராக்கடன் ஒதுக்கீடு செய்தால் என்னவாகும், சரக்கிருப்பு கூடினால் என்னவாகும், கடன் வாங்கி இயந்திரம் வாங்கினால் என்னவாகும் என்று நீங்களே கேள்வி எழுப்பி விடை காணுங்கள்.

இதற்கு அடுத்த படி, பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்ட ஒரு நிறுவனத்தின் ஆண்டறிக்கையை முழுமையாகப் படிப்பது. ஆண்டறிக்கைகள் நிறுவன இணையதளங்களில் இலவசமாகக் கிடைக்கின்றன. ஓசூரில் வளர்ந்தவர் டிவிஎஸ் மோட்டாரையும், ராஜபாளையத்தைச் சேர்ந்தவர் ராம்கோ சிமென்ட்ஸையும் எடுத்துக்கொண்டால் தொழில் முன்பே கண்ணுக்குப் பழகியிருப்பதால் எண்கள் எளிதில் விளங்கும். ஐந்து எண்களை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள்: விற்பனை, நிகர இலாபம், மொத்தக் கடன், கடனாளிகள், செயல்பாட்டிலிருந்து வந்த பணம். முந்தைய ஆண்டோடு ஒப்பிட்டு, இலாபம் கூடியும் பணம் குறைந்திருந்தால் ஏன் என்று குறிப்புரைகளில் தேடுங்கள். நிதி நிறுவன வேலைக்குச் செல்பவர் அதற்கேற்ப ஒரு நிதி நிறுவன அறிக்கையைப் படிக்க வேண்டும். அங்கே கடன்தான் சரக்கு, வட்டிதான் விற்பனை. 90 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் அந்தக் கடன் வாராக்கடன் வகையில் சேரும் என்ற விதியையும், அதற்கு ஒதுக்கீடு செய்யும்போது இலாபம் எப்படிக் குறைகிறது என்பதையும் அங்கு கேட்பார்கள்.

டேலியும் எக்செலும்

டேலியில் எஃப்4 முதல் எஃப்9 வரை எந்தச் சாவி எந்த வவுச்சர் என்று கேட்பது சிறு நிறுவனங்களின் வழக்கம். எதிர்ப்பதிவு, செலுத்துச் சீட்டு, பெறுகைச் சீட்டு, குறிப்பேடு, விற்பனை, கொள்முதல் என்ற வரிசை அது. ஒரு நாளில் கற்றுவிடலாம். அதிக நேரம் எக்செலுக்குக் கொடுங்கள்.

எழுத்துத் தேர்வில் பெரும்பாலும் இரண்டு பட்டியல்களைத் தருவார்கள். ஒன்று நிறுவனத்தின் கொள்முதல் பதிவேடு, மற்றது ஜிஎஸ்டிஆர்-2பி. இரண்டையும் பொருத்தி, எந்த பில் ஒரு பக்கம் மட்டும் இருக்கிறது என்று கண்டுபிடிக்கச் சொல்வார்கள். ஒரு பட்டியலிலுள்ளதை மற்றதில் தேடும் வி-லுக்அப் சூத்திரத்தைப் போட்டவுடன் பாதி வரிகளில் பிழை வரும். நம் பதிவேட்டில் "45" என்றும் அரசுப் பட்டியலில் "045/25-26" என்றும் இருக்கும். எண்ணாகச் சேமித்ததும் எழுத்தாகச் சேமித்ததும் பார்வைக்கு ஒன்றாகத் தோன்றினாலும் பொருந்தாது. பெயருக்குப் பின்னால் கண்ணுக்குத் தெரியாத இடைவெளி ஒட்டியிருக்கும். பிழை வந்ததும் பதறாமல், ஜிஎஸ்டி எண்ணையும் தொகையையும் சேர்த்து ஒரு பொதுக் குறியீடு உருவாக்கிப் பொருத்துபவரே அந்தத் தேர்வில் வெற்றி பெறுகிறார். ட்ரிம், சம்-இஃப்ஸ், எக்ஸ்-லுக்அப், பிவட் அட்டவணை ஆகிய நான்கும் கைவந்திருந்தால் புதியவருக்குப் போதுமானது.

வங்கிச் சரிக்கட்டும் பட்டியலை எளிய பாடம் என்று ஒதுக்க வேண்டாம். சத்யம் என்ற மென்பொருள் நிறுவனத்தின் தலைவர் 2009 ஜனவரி 7 அன்று வெளியிட்ட கடிதத்தில், ஏடுகளில் காட்டிய ரொக்கம் மற்றும் வங்கி இருப்பில் 5,040 கோடி ரூபாய் உண்மையில் இல்லை என்று ஒப்புக்கொண்டார். ஏட்டிலுள்ள இருப்பை வங்கியின் கணக்கறிக்கையோடு நேர்மையாக ஒப்பிடுவது எத்தனை பெரிய பொறுப்பு என்பதற்கு அந்த நிகழ்வே சான்று. கொடுத்தும் வங்கிக்கு வராத காசோலை, வங்கி பிடித்த கட்டணம், வாடிக்கையாளர் நேரடியாகச் செலுத்திய தொகை ஆகிய மூன்றையும் வைத்து ஒரு பட்டியலை வெள்ளைத் தாளில் போடத் தெரிந்திருக்க வேண்டும்.

தன்விவரக் குறிப்பு

ஒரே பக்கம் போதும். "கடின உழைப்பாளி, குழுவாகப் பணியாற்றக்கூடியவர்" என்ற வரிகளை நீக்கிவிட்டு, செய்தவற்றை எழுதுங்கள். மாமாவின் மளிகைக் கடைக்கு மூன்று மாதம் டேலியில் பதிவு போட்டிருந்தால் அதை மறைக்காமல் எழுதுங்கள். மாதம் ஏறக்குறைய எத்தனை பில்கள், எந்தப் படிவங்கள் என்று சேர்த்துச் சொன்னால் அது உண்மையான அனுபவமாக மதிக்கப்படும். தெரியாத மென்பொருளின் பெயரைச் சேர்க்காதீர்கள். பெரு நிறுவனங்கள் பயன்படுத்தும் எஸ்ஏபி மென்பொருளைக் குறிப்பில் எழுதியிருந்தால், விற்பனையாளர் பில்லை எந்தத் திரையில் பதிவு செய்வீர்கள் என்ற ஒரே கேள்வியில் உண்மை வெளிப்படும். அதன் பின் நீங்கள் சொல்லும் சரியான விடைகளையும் நம்ப மாட்டார்கள். அரியர் இருந்திருந்தால் கேட்கும்போது எந்தத் தாள், எப்போது முடித்தீர்கள் என்று நேராகச் சொல்லிவிட்டு நகருங்கள்.

நேர்காணல் அறையில்

ஆங்கிலம் பற்றிய அச்சம் தமிழ்வழியில் படித்தவர்களை மிகவும் வாட்டுகிறது. அவர்களுக்கு நான் சொல்வது, மேலே சொன்ன விற்பனை, டிடிஎஸ், தேய்மானம் ஆகிய மூன்று விளக்கங்களையும் எளிய ஆங்கிலச் சிறு வாக்கியங்களில் எழுதி, வீட்டில் ஒருவரை எதிரில் உட்கார வைத்துப் பேசிப் பழகுங்கள். கணக்கு வேலைக்குத் தேவையான ஆங்கிலச் சொற்கள் சில நூறுதான். அவற்றில் பெரும்பாலானவை உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். நடுவில் சொல் சிக்கினால் தாள் கேட்டு வாங்கிப் பதிவை எழுதிக் காட்டுங்கள். எந்த நேர்காணலிலும் அதற்கு மறுப்புச் சொல்ல மாட்டார்கள்.

விடை தெரியாத கேள்விக்கு ஊகித்து உறுதியாகப் பேசுவது கணக்குத் துறையில் பெரும் குறையாகப் பார்க்கப்படும், ஏனெனில் அதே பழக்கம் நாளை வரிப் படிவத்தில் தவறான எண்ணாக வந்து நிற்கும். "இந்த விகிதம் எனக்கு நினைவில்லை, வருமான வரித் துறையின் இணையதளத்தில் சரிபார்த்த பிறகே பதிவு செய்வேன்" என்று சொல்வது முழுமையான விடை.

நேர்மையைச் சோதிக்கும் கேள்வி ஒன்று ஏதேனும் ஒரு வடிவில் வரும். "ஏப்ரல் 2 அன்று அனுப்பிய சரக்கை மார்ச் 31 தேதியிட்டுப் பதிவு செய்யச் சொன்னால் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், சரக்கு வெளியேறிய ஆவணத்தின் தேதியைப் பார்ப்பேன், தேதி ஏப்ரல் என்றால் அடுத்த நிதியாண்டில்தான் பதிவு செய்ய இயலும் என்று மேலாளரிடம் சொல்வேன், தேவையானால் மின்னஞ்சலில் எழுதிக் கேட்பேன் என்று படிப்படியாகச் சொல்லுங்கள். தவறான பதிவை அழிப்பீர்களா என்ற கேள்விக்கும் ஆயத்தமாக இருங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் கம்பெனிகளின் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தத்தின் தடமும் பதிவாக வேண்டும் என்பது விதி. எனவே திருத்தப் பதிவு போட்டு அதற்குக் காரணம் எழுதுவதே முறை.

உங்களுக்கு ஏதேனும் கேட்க வேண்டுமா என்றால், மாத இறுதிக் கணக்கை எத்தனை நாட்களில் முடிக்கிறார்கள், முதல் ஆறு மாதத்தில் என்ன பணி தருவார்கள், சி.ஏ. அல்லது சி.எம்.ஏ. தேர்வுக்கு விடுப்பு உண்டா என்று கேளுங்கள்.

சம்பளமும் சேரும் முன் பார்க்க வேண்டியவையும்

ஆண்டுக்கு 3 லட்சம் ரூபாய் சி.டி.சி. (உங்களுக்காக நிறுவனம் செய்யும் மொத்தச் செலவு) என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் சொல்லிவிடாதீர்கள். அடிப்படைச் சம்பளம் 12,500 என்றால், நிறுவனம் செலுத்தும் 12 சதவீத வருங்கால வைப்பு நிதி 1,500 ரூபாயும், பணிக்கொடைக்கான ஏறக்குறைய 600 ரூபாயும் அந்த 25,000-க்குள்ளேயே பெரும்பாலும் அடங்கியிருக்கும். மீதி 22,900-இல் உங்கள் பங்கு வைப்பு நிதி 1,500 பிடித்தம் போக 21,400 மிஞ்சும். அரையாண்டுக்கு ஒரு முறை உள்ளாட்சி அமைப்புக்கான தொழில் வரியும் கழியும். சம்பளப் பிரிப்பு விவரத்தை எழுத்தில் கேட்டு வாங்கி, இந்தக் கணக்கை நீங்களே போட்டுப் பாருங்கள். நிதித்துறைக்கு வருபவர் தன் சம்பளத்தைத் தானே கணக்கிடுவதை எவரும் தவறாக நினைக்க மாட்டார்கள்.

பயிற்சிக் கட்டணம், பாதுகாப்பு வைப்புத்தொகை, சீருடைக் கட்டணம் என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். அசல் சான்றிதழ்களை ஒப்படைக்கச் சொல்லும் நிறுவனத்திடம், சரிபார்த்தவுடன் திருப்பித் தருமாறு கேளுங்கள், மறுத்தால் சேராதீர்கள். பணி ஒப்பந்தத்தில் குறிப்பிட்ட காலத்துக்கு முன் விலகினால் தர வேண்டிய தொகை இருந்தால், அதை வாசித்து, அறிந்த ஒரு ஆடிட்டரிடமோ வழக்கறிஞரிடமோ காட்டிய பிறகே கையொப்பமிடுங்கள். முன்பு வேறெங்கேனும் சில மாதங்கள் பணியாற்றி வைப்பு நிதி பிடித்திருந்தால், அந்த யு.ஏ.என். என்ற வைப்பு நிதிக் கணக்கு எண்ணைப் புதிய நிறுவனத்திடம் சேரும் நாளிலேயே கொடுத்துவிடுங்கள்.